பிலிப்பைன்ஸ் மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயர் இருந்தே ஆக வேண்டுமா?

கேள்வி:

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். துபாயில் வேலை பார்த்தபோது அங்கே நர்ஸாக இருந்த ஜாஸ்மினோடு பழக்கம். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய ஊரான இலோய்லோவில் நீதிபதி முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டோம். இனி எங்கள் திருநெல்வேலிப் பக்கமே இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். விசா எடுத்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட், "முதலில் அவர் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மனைவி என்று ஏற்க மாட்டார்கள்" என்கிறார். அம்மாவோ "ஜாஸ்மின் செந்தில்குமார்" என்று இருப்பதுதான் முறை என்கிறார். என் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில்குமார், சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர் ராமசாமி. ஜாஸ்மினுக்குப் பெயர் மாற்ற மனமில்லை. ஆனாலும், "என்னால் காரியம் நிற்க வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

(பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்:

மாற்ற வேண்டாம். ஏஜென்ட் சொன்னதற்கு இந்தியச் சட்டத்திலும் இடமில்லை, பிலிப்பைன்ஸ் சட்டத்திலும் இடமில்லை. கணவன் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால்தான் மனைவி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மனைவி என்பதற்குச் சாட்சி கல்யாணச் சான்றிதழ்தான்.

ஜாஸ்மினின் பாஸ்போர்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர் மூன்று பகுதியாக இருக்கும். ஜாஸ்மின் என்பது அவருக்கு வைத்த பெயர். கடைசிப் பெயர் சான்டோஸ் என்று வைத்துக்கொள்வோம், அது அப்பாவின் குடும்பப் பெயர். நடுப்பெயர் என்று தனி வரியில் ரெயஸ் என்று இருந்தால், அது அவர் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். நம் ஊரில் நடுவில் ஒரு பெயர் வந்தால் அதையும் அழைக்கும் பெயராகவே எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அது தாய்வழியின் அடையாளம். பெயரைப் படித்தாலே இரண்டு குடும்பமும் தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றினால் அங்குள்ள வழக்கப்படி ரெயஸ் போய்விடும். சான்டோஸ் நடுவுக்கு வரும். கடைசியில் கணவனின் சர்நேம். உங்கள் சர்நேம் எது? ராமசாமி. ஆக, அம்மா ஆசைப்படுகிற "ஜாஸ்மின் செந்தில்குமார்" வரவே வராது. "ஜாஸ்மின் சான்டோஸ் ராமசாமி" என்றுதான் வரும். உங்கள் ஊர் வங்கியிலோ தாலுகா ஆபீஸிலோ உங்கள் இருவர் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ராமசாமி இருவருக்கும் அப்பா. அண்ணன் தங்கையா என்று கேட்பார்கள். தன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு மாமனார் பெயரைச் சுமப்பதற்காகவா அவர் இத்தனை அலைய வேண்டும்?

இப்போது சட்டம். 1950-ல் நடைமுறைக்கு வந்த பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின் 370-வது பிரிவு, திருமணமான பெண் கணவனின் குடும்பப் பெயரைப் பயன்படுத்தலாம் என்கிறது. "லாம்" தான், "வேண்டும்" இல்லை. 2010-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. கல்யாணத்தால் மாறுவது அந்தப் பெண்ணின் திருமண நிலை மட்டும்தான், பெயர் மாறுவதில்லை என்றது. அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வழக்கைப் போட்ட பெண், தன் விருப்பப்படி பாஸ்போர்ட்டில் கணவன் பெயரைச் சேர்த்தவர். பிறகு பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விரும்பினார். கல்யாணம் நிலைத்திருக்கும்வரை முடியாது என்று அன்றைய பாஸ்போர்ட் சட்டத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். முஸ்லிம்களுக்கான தனிச் சட்டம் தவிர விவாகரத்தே இல்லாத நாடு அது என்பதை நினைத்துப் பாருங்கள். 2024-ல் வந்த புதிய பாஸ்போர்ட் சட்டம் இதைத் தளர்த்தி, பழைய பெயருக்குத் திரும்ப வழி விட்டிருக்கிறது. அதுவும் ஒரே ஒரு முறைதான். அதனால் ஏஜென்ட் சொல்கிறார், மாமியார் ஆசைப்படுகிறார் என்பதற்காக எடுக்கிற முடிவு இல்லை இது.

விசா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாணச் சான்றிதழில் ஜாஸ்மினின் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். அவருடைய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நர்ஸிங் பட்டம், நர்ஸ் உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயர். இப்படி எல்லாம் ஒன்றுபோல இருப்பது பெரிய வசதி. சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என் மேசை மேல் காகிதங்களைப் பரப்பினார்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர், வாடகை ஒப்பந்தத்தில் கணவன் பெயர், படிப்புச் சான்றிதழில் பிறந்த வீட்டுப் பெயர். மூவரும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண் கேட்டார்: "நான் நான்தான் என்று எத்தனை தடவை கையெழுத்துப் போடுவது?" எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கல்யாணச் சான்றிதழின் நகலை உள்ளூர் பதிவாளரிடம் வாங்கியதோடு நிறுத்தாமல், பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையமான பி.எஸ்.ஏ தரும் நகலை வாங்குங்கள். அது அங்கே பதிவாகி வரச் சில மாதங்கள் ஆகலாம், இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள். அதற்கு அந்நாட்டு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்று, வாங்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2019 மே மாதம் முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்பே இருக்கிறது. பிறகு மணிலாவில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாக, இந்தியரின் மனைவி என்ற முறையில் என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் விசா. விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அவருடைய அம்மாவின் பெயரைக் கேட்கும் இடத்தில் ஜாஸ்மினின் பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். அந்த அம்மாவின் இன்றைய அடையாள அட்டையில் கணவன் குடும்பப் பெயர் இருக்கலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடுப்பெயருக்கு நம் படிவங்களில் பெரும்பாலும் தனிக் கட்டம் இருக்காது. விசாவில் பெயர் எப்படி அச்சாகி வருகிறதோ, அதையே பிறகு எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுகிற ஓர் இடம் உண்டு. வெளிநாட்டவரை மணந்து குடியேறப் போகிற பிலிப்பைன்ஸ் குடிமக்கள், கிளம்பும் முன் சி.எஃப்.ஓ என்கிற வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையத்தின் ஆலோசனை வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்க வேண்டும். பெண்கள் ஏமாற்றப்படாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. கையில் விசா இருந்தும் இது இல்லாமல் மணிலா விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. டிக்கெட் போடும் முன் இதை முடியுங்கள்.

இங்கே வந்ததும், விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். கல்யாணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்த பிறகு ஓ.சி.ஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் நீண்டகாலம் தங்க உதவும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். மனைவி என்ற முறையில் ஓ.சி.ஐ வாங்கியவர், ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகலையும், கல்யாணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும். எப்போதாவது ஜாஸ்மினுக்கே பெயர் மாற்றிக்கொள்ளும் ஆசை வந்தால், ஓ.சி.ஐ-க்கு முன்பே செய்துவிடுவது நல்லது. அப்புறம் செய்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும்.

உங்கள் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். மாற்றம் தேவைப்படுவது உங்கள் பாஸ்போர்ட்டில்தான், அவருடையதில் இல்லை.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். கல்யாணமானதும் இனிஷியல் மாற்றுவது நம்மில் பலருக்கு வழக்கம், ஆனால் சட்டமில்லை. நானே வழக்கறிஞராகப் பதிவு செய்த நாளில் இருந்த அப்பாவின் இனிஷியலோடுதான் இன்றும் இருக்கிறேன். ஊரில் வரவேற்பு வைக்கிறீர்கள் என்றால், ஜாஸ்மின் சம்மதித்தால், அழைப்பிதழில் அம்மா விருப்பப்படியே "ஜாஸ்மின் செந்தில்குமார்" என்று போடுங்கள். அதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம்.

"என்னால் காரியம் நிற்க வேண்டாம்" என்றாரே, அவர் பெயரால் எந்தக் காரியமும் நிற்காது என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கென்று ஏஜென்ட் முன்பணம் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்.