தெருவில் பனியே இல்லை, பள்ளிக்கு மட்டும் ஏன் விடுமுறை? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பள்ளிப் பேருந்து வழித்தடத் திட்டமிடலையும் பள்ளி ஆண்டு நாட்காட்டி வேலையையும் அறிந்தவர்.

ஆஷ்பர்ன், வர்ஜீனியா: எங்க தெரு காஞ்சு கிடக்கு, மெயின் ரோடும் சுத்தம். ஆனா லவுடன் கவுண்டி முழுக்க மூணாவது நாளா லீவு. கிழக்குப் பக்கப் பள்ளிகளையாவது திறந்தா என்ன?

உங்கள் தெருவைப் பார்த்து இந்த முடிவை எடுப்பதில்லை. மேற்கே பர்செல்வில், ரவுண்ட் ஹில் தாண்டி ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரம் வரை இதே டிஸ்ட்ரிக்ட்தான், அதாவது ஒரே பள்ளி நிர்வாகப் பகுதி. அங்கே 250 மைலுக்கு மேல் தார் போடாத ஜல்லிச் சாலைகள் இருக்கின்றன. பனி தள்ளும் வண்டியின் பிளேடை ஜல்லிச் சாலையில் தரையோடு இறக்க முடியாது, இறக்கினால் ஜல்லியும் சேர்ந்து வந்துவிடும். அதனால் அடியில் ஒரு படலம் தங்கும். மரநிழலில் அது பகலில் கொஞ்சம் இளகி, இரவில் கண்ணாடியாக இறுகும். முழு நீளப் பள்ளிப் பேருந்து ஏறத்தாழ 40 அடி. குறுகலான சரிவில் அது சறுக்கத் தொடங்கினால் ஓட்டுநர் செய்வதற்கு அதிகம் இல்லை.

கிழக்கை மட்டும் திறப்பதில் வேறு சிக்கல்கள் உண்டு. ஒரே பேருந்து காலையில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு அடுத்தடுத்து ஓடுகிறது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் பக்கத்து மாநிலமான வெஸ்ட் வர்ஜீனியாவிலும் வின்செஸ்டர் பக்கமும் குடியிருக்கும் ஆசிரியர்களும் ஓட்டுநர்களும் பலர். கவுண்டி முழுவதற்கும் பொதுவான சிறப்பு வகுப்புகளுக்கு மேற்கிலிருந்து கிழக்கே வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொன்று: வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளின் குடியிருப்புச் சாலைகள்கூட மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. அவர்கள் நெடுஞ்சாலையில் தொடங்கி, உட்தெருவுக்குக் கடைசியில்தான் வருவார்கள். பனி தள்ளாத தெருவைப் பற்றிப் பள்ளிக்கு எழுதுவதால் பயன் இல்லை. தெருப் பெயருடன் மாநிலத் துறையில் புகார் பதியுங்கள். ஆனால் மூன்றாவது நாளும் மூடினால், எந்த வழித்தடங்கள் இன்னும் ஓட்ட முடியாத நிலையில் இருக்கின்றன என்று வெளியிடச் சொல்லிக் கேட்பது முழுக்க நியாயம். அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும்.

ஹெர்ன்டன், வர்ஜீனியா: யார், எத்தனை மணிக்கு முடிவெடுக்கிறார்கள்? முந்தின ராத்திரியே சொல்லித் தொலைத்தால் என்ன?

முடிவு டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டுடையது. விடியற்காலை 3 மணி வாக்கில் போக்குவரத்துப் பிரிவினர் காரை எடுத்துக்கொண்டு வழக்கமாகத் தொல்லை தரும் இடங்களைப் பார்க்கக் கிளம்புவார்கள்: பாலங்கள், வளைவுச் சரிவுகள், வெயில் படாத தெருக்கள். இன்னொரு பக்கம் பள்ளி வாகன நிறுத்தத்திலும் நடைபாதையிலும் பனி தள்ளியாயிற்றா, கட்டடத்தில் ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். 4 மணி சுமாருக்குத் தேசிய வானிலைச் சேவையுடனும் பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளுடனும் பேச்சு நடக்கும். முதல் பேருந்து 5 மணிக்குப் பின் டிப்போவை விட்டுக் கிளம்பிவிடுவதால் அதற்குள் முடிவு வந்தாக வேண்டும்.

முந்தின இரவே சொல்வதுதான் பெற்றோருக்கு நல்லது என்பது என் கருத்தும். கனத்த பனிப்புயல் உறுதியாக வருகிறது என்றால் பல டிஸ்ட்ரிக்டுகள் அப்படித்தான் செய்கின்றன. தொல்லை, வெப்பநிலை தண்ணீர் உறையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும் இரவுகளில். ஒரு டிகிரி மேலே போனால் வெறும் மழை, ஒரு டிகிரி கீழே இறங்கினால் தரையில் பட்டதும் பனிக்கட்டியாகும் உறைமழை.

தவறான பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2015 ஜனவரி 6 அன்று பார்த்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் பனி, பள்ளிகள் வழக்கமான நேரத்தில் திறப்பு, பேருந்துகள் தாமதம், விபத்துகள். பெற்றோரும் மாணவரும் இணையத்தில் கொந்தளித்தார்கள், டிஸ்ட்ரிக்ட் மன்னிப்புக் கேட்டது. அதன்பின் அந்தப் பகுதியில் யாரும் துணிந்து திறப்பதில்லை என்றால் காரணம் புரியும்.

ஜெர்மன்டவுன், மேரிலாந்து: 5 மணிக்கு ‘2 மணி நேரத் தாமதம்’ என்று மெசேஜ். அதை நம்பி ஆபீஸ் மீட்டிங்கைத் தள்ளி வைத்தேன். 7:15க்கு ‘இன்று பள்ளி இல்லை’. இது என்ன நியாயம்?

பெற்றோர் புகார்களில் எனக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான். தாமதத்தின் நோக்கம் நல்லது: வெளிச்சம் வரும், பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு வேலை செய்யும். சாதாரணச் சாலை உப்பு, தரையின் வெப்பம் சுமார் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஏறக்குறைய செயலிழந்துவிடும். சூரியன் வந்து தரை கொஞ்சம் சூடானால் அதே உப்பு உருக்கத் தொடங்கும். இந்தக் கணக்கு பொய்த்தால்தான் தாமதம் விடுமுறையாகிறது.

ஆகவே தாமத அறிவிப்பு வந்ததும் வானிலைச் சேவையின் மணிவாரிக் கணிப்பைத் திறந்து, காலை 9 மணிக்கு என்ன வெப்பநிலை என்று பாருங்கள். 9 மணிக்கும் 20களிலேயே நின்று, இரவு பெய்தது உறைமழையாக இருந்தால், முழு விடுமுறை என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். 9 மணிக்கு 34, 35 என்று காட்டினால் பெரும்பாலும் பள்ளி நடக்கும். எத்தனை அங்குலம் பெய்தது என்பதைவிட இந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா: ஒரு அங்குலப் பனிக்கு முழு நகரமும் முடங்குகிறது. மிச்சிகனில் இருந்து வந்த எங்களுக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிகிறது.

2014 ஜனவரி 28ஐத் தெரிந்துகொண்டால் அப்படித் தெரியாது. அட்லாண்டாவில் அன்று விழுந்தது 2 அங்குலத்துக்குச் சற்று மேல். பள்ளிகள் காலையில் திறந்தன. மதியம் பள்ளி, அலுவலகம் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டதும் சாலைகள் அடைத்துக்கொண்டன. சக்கரங்களின் சூட்டில் உருகிய பனி உடனே பனிக்கட்டியானது. நெரிசலில் உப்பு வண்டிகளாலும் நகர முடியவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளிக் கட்டடத்திலேயே தூங்கினார்கள், சிலர் பேருந்தில் சிக்கினார்கள். மிச்சிகனில் இருக்கும் அளவுக்கு வண்டிகளும் உப்புக் கிடங்குகளும் அங்கே கிடையாது. வருடத்தில் ஓரிரு நாளுக்காக அவ்வளவு வாங்கி வைப்பதும் கட்டுப்படியாகாது. அங்கே முன்கூட்டி மூடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஈடன் ப்ரெய்ரி, மினசோட்டா: பனியே பெய்யவில்லை, வெறும் குளிருக்கு எதற்கு விடுமுறை?

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையின் தோலுக்காக. 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 19 மாதிரி. மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். பேருந்துகளும் அந்தக் குளிரில் மக்கர் செய்யும். 0 டிகிரியில் பேட்டரியின் பலம் பாதிக்கு மேல் குறைகிறது, டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கிறது, ஏர் பிரேக் குழாயில் ஈரம் இருந்தால் அது உறைகிறது. ஒரு பேருந்து நின்றால் அடுத்தடுத்த நிறுத்தங்களில் பிள்ளைகள் கூடுதலாக அரை மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். 2014 ஜனவரி 6 அன்று உங்கள் மாநில ஆளுநரே மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடியது இதே காரணத்தால்தான்.

ஸ்கார்பரோ, டொராண்டோ: எங்கட பக்கம் இதுக்கு நேர்மாறு. பஸ் இல்லை எண்டு காலமை சொல்லுவினம், ஆனா பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பிள்ளையை விடுறதோ வேண்டாமோ?

ஒன்ராறியோவில் பேருந்தை நிறுத்துவது ஒரு முடிவு, பள்ளியை மூடுவது வேறு முடிவு. டொராண்டோவில் நடந்தும் டிடிசி என்ற நகரப் போக்குவரத்திலும் வரும் பிள்ளைகள் அதிகம் என்பதால் கூடுமானவரை கட்டடத்தைத் திறந்தே வைப்பார்கள். 2022 ஜனவரி 17 போன்ற பெரும் புயலில்தான் மூடினார்கள். அனுப்புவதா இல்லையா என்பது பெற்றோர் முடிவு. அனுப்பாவிட்டால் வராதோர் பதிவுக்குப் பள்ளியில் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் பிள்ளை எங்கே என்று அழைப்பு வரும்.

பலர் கவனிக்கத் தவறுவது: காலையில் நிறுத்திய பேருந்து பின்னேரமும் ஓடாது. காரில் கொண்டுபோய் விட்டால் நீங்கள்தான் திரும்பக் கூட்டிவர வேண்டும். 3 மணிக்கு வேலையை விட்டு வர முடியாதவர்கள் காலையிலேயே அதை யோசிக்க வேண்டும்.

எடிசன், நியூஜெர்சி: ஜூன் மாதக் கடைசிக்குச் சென்னை டிக்கெட் போடலாமா? ஸ்னோ டே எல்லாம் ஜூனில் சேர்ப்பார்கள் என்கிறார்களே?

டிஸ்ட்ரிக்ட் நாட்காட்டியின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். அடிக்குறிப்பில் ‘அவசர விடுமுறைக்கென ஒதுக்கிய நாள்கள்’ எத்தனை என்றும், அவை தீர்ந்தால் எந்த வரிசையில் ஈடுகட்டுவார்கள் என்றும் இருக்கும். சில இடங்களில் முதலில் வசந்தகால விடுமுறையில் கை வைப்பார்கள், சில இடங்களில் ஜூனில் நாள் கூட்டுவார்கள். நியூஜெர்சி 180 பள்ளி நாள்களைக் கேட்கிறது, அதில் சலுகை எதிர்பார்க்க முடியாது. அச்சிட்ட கடைசி நாளுக்குப் பின் குறைந்தது ஐந்து வேலை நாள் விட்டுப் போடுங்கள். ஏப்ரல் விடுமுறைக்குத் திருப்பித் தராத டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன் 6 நாள் வரை ஈடுகட்டச் சொல்வதில்லை, கூடுதலாக 3 நாளுக்கு டிஸ்ட்ரிக்ட் விண்ணப்பிக்கலாம். வர்ஜீனியாவில் 180 நாள் அல்லது 990 மணி நேரம். தினமும் சில நிமிடம் கூடுதலாக நடத்தும் டிஸ்ட்ரிக்டுகள் அந்த மணிக்கணக்கைச் சேமித்து வைத்துப் பனி நாள்களை ஜூனில் நாள் கூட்டாமலே சமாளிக்கின்றன.

காலேஜ்வில், பென்சில்வேனியா: ஆன்லைன் வகுப்பு வைத்தால் எல்லாம் தீருமே?

உயர்நிலைப் பள்ளிக்கு ஓரளவு. சின்ன வகுப்புக்கு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையை லேப்டாப் முன் உட்கார வைக்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும், அந்தப் பெரியவர் நீங்கள்தான். 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரம் எல்லாரையும் இணையத்துக்கு மாற்றியபோது உள்நுழையும் வழியே அடைபட்டு ஏராளமான குடும்பங்கள் காலை முழுக்கத் தவித்தன. உறைமழை நாளில் மின்சாரமும் போகலாம். காகிதத்தில் ஒரு நாள் பாடத்தை டிசம்பரிலேயே பையில் கொடுத்தனுப்பச் சொல்லி வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். எளிதாகச் செய்யக்கூடியது, பல ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

சென்டர்வில், வர்ஜீனியா: பத்து வயதுப் பையனைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போகலாமா?

முழு நாளுக்குக் கூடாது. வர்ஜீனியாவில் வயது சொல்லும் சட்டம் இல்லை, ஆனால் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் வழிகாட்டுதல் உண்டு: 7 வயதுவரை தனியாக விடவே கூடாது, 8 முதல் 10 வரை பகலில் ஒன்றரை மணி நேரம், 11, 12க்கு 3 மணி நேரம். மேரிலாந்தில் இது சட்டமே: 8 வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் குறைந்தது 13 வயதான நம்பகமான ஒருவர் இருக்க வேண்டும்.

நடைமுறையில் உதவுவது முறை வைத்துக்கொள்வது. ஒரே தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து, முதல் விடுமுறை ஒருவர், அடுத்தது இன்னொருவர் என்று நவம்பரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை, மருந்து, அவசர எண், யார் வந்து கூட்டிப்போகலாம் என்பவை ஒரு தாளில் இருக்கட்டும். காசு வாங்காமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது பிரச்சினை இல்லை. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தன் பிள்ளைகளைத் தவிர நான்குக்கு மேல் பார்த்தால் வர்ஜீனியாவில் உரிமம் வேண்டும். பள்ளிக்குள்ளேயே நடக்கும் காலை, மாலைப் பராமரிப்பை நம்பாதீர்கள். பள்ளி மூடினால் பெரும்பாலும் அதுவும் மூடும். கம்பெனி அவசரக் குழந்தைப் பராமரிப்புச் சலுகை தருகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு, முன்பதிவை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுங்கள். பனி நாள் காலையில் கணக்குத் தொடங்கினால் இடம் கிடைக்காது.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் 911ஐ எப்படி அழைப்பது, வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதி அடுப்பு பக்கத்தில் ஒட்டுங்கள். மூடிய கராஜில் காரை ஓடவிட்டுச் சூடாக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

ப்ளேனோ, டெக்சாஸ்: பள்ளி மூடியதால் வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளம் பிடிப்பார்களா?

அலுவலகம் திறந்திருந்து, மாதச் சம்பளக்காரரான நீங்கள் முழு நாள் வரவில்லை என்றால் பிடிக்கலாம், அல்லது விடுப்பில் கழிக்கலாம். அன்று வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் வேலை பார்த்திருந்தால் அந்த நாளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கக் கூடாது. மணிக்கூலி என்றால் வேலை பார்த்த நேரத்துக்கு மட்டும். பனியால் பள்ளி மூடியதற்கென்று பெற்றோருக்கு விடுப்புத் தரும் மத்தியச் சட்டம் இல்லை. இரண்டு மணி நேரமாவது வேலை பார்த்து, அதை மின்னஞ்சலில் பதிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஆஷ்பர்ன், வர்ஜீனியா (இன்னொருவர்): ஸ்கூல் போர்டுக்குப் போய்ப் பேசினால் ஏதாவது நடக்குமா?

ஜனவரியில் கோபத்தோடு போனால் அனுதாபம் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. அடுத்த ஆண்டின் நாட்காட்டி ஒப்புதலுக்கு வரும் கூட்டம் எது என்று பார்த்து அதற்குப் போங்கள். முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும், பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ‘இவ்வளவு மூடாதீர்கள்’ என்றால் பாதுகாப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எண்ணும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: தாமதம் விடுமுறையாக மாறுமானால் 6:30க்குள் சொல்ல வேண்டும், இரண்டாம் நாளுக்கு மேல் மூடினால் ஓட்ட முடியாத வழித்தடங்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், அந்த வழித்தடப் பிள்ளைகளைப் பெரிய சாலைச் சந்திப்பில் ஏற்றும் மாற்று நிறுத்தப் பட்டியல் நவம்பருக்குள் தயாராக வேண்டும். மூன்றாவது கோரிக்கைக்குத்தான் நான் அதிகம் அழுத்தம் கொடுப்பேன். மலைப் பகுதிகளில் இப்படிப் பனிக்கால மாற்று நிறுத்தம் வைத்துள்ள டிஸ்ட்ரிக்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்து பேர் ஐந்து விஷயம் பேசாமல், ஐந்து பேரும் இதையே கேளுங்கள்.