கொக்கியில் எத்தனை கிலோ? பிக்கப்பில் படகு இழுப்பவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 28 அடி விசைப்படகு. கையேட்டில் எடை 2,300 கிலோ. பிக்கப் 4,500 கிலோ வரை இழுக்கும். தாராளம்தானே?

பதில்: அந்த 2,300 வெறும் கூட்டின் எடையாகத்தான் இருக்கும். பல கையேடுகளில் இன்ஜினைக்கூடச் சேர்ப்பதில்லை. கூட்டிப் பார்ப்போம். பின்னால் தொங்கும் இரண்டு இன்ஜின்கள் 500. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 400 லிட்டர் டேங்க் நிரம்பினால் 300. டிரெய்லர் 700. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, தூண்டில் சாமான் 150. ஆக 3,950.

இப்போதும் 4,500-க்குள்தானே என்பீர்கள். சிக்கல் வேறு இடத்தில். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கியில் இறங்க வேண்டும். 10 சதவீதம் என்றாலே 395 கிலோ. அது பிக்கப் சுமக்கும் எடைக் கணக்கில் சேரும். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 650 கிலோ என்று இருந்தால், ஆட்கள் நாலு பேர் 300, கொக்கி 395, மொத்தம் 695. இழுக்கும் திறன் மிச்சமிருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துபோனது. முதலில் எடை மேடைக்குப் போங்கள்.

கேள்வி: கொக்கி எடையை எப்படி அளப்பது?

பதில்: பிக்கப்பைக் கழற்றிவிட்டு, முன் ஜாக்கி உட்பட டிரெய்லர் முழுவதையும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. அப்புறம் பிக்கப்பில் மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு எடை. வித்தியாசம்தான் கொக்கி எடை.

கேள்வி: கப்ளர் (டிரெய்லரின் முன்நுனிப் பூட்டு) பிக்கப் கொக்கியின் குண்டில் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றுங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் கழன்று வந்தால், அதோடு சாலையில் போகாதது உங்கள் அதிர்ஷ்டம். குண்டிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும்; இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் தங்கும்.

கேள்வி: 24 அடி படகை என் பிக்கப் இழுக்குமா?

பதில்: அடிக்கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எடை மேடை.

கேள்வி: (28 அடிக்காரர்தான்) கொக்கி எடைதான் பிரச்சினை என்றீர்கள். படகை டிரெய்லரில் 30 செ.மீ. பின்னால் தள்ளிவிட்டேன். பிக்கப் பின்பக்கம் இப்போது அமுங்கவே இல்லை!

பதில்: ஐயா, உடனே முன்னால் கொண்டுவாருங்கள். கொக்கியில் எடை குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும் காற்று போதும்.

கேள்வி: ஐரோப்பாவில் 4 முதல் 7 சதவீதத்தோடு ஓட்டுகிறார்களே, அவர்கள் எல்லாம் கவிழ்ந்துவிட்டார்களா?

பதில்: நல்ல கேள்வி, விட மனமில்லை. அங்கே டிரெய்லரோடு போகும் வேகமே வேறு. ஜெர்மனியில் பொதுவாக 80 கி.மீ., தனி அனுமதி இருந்தால் 100. ஆட்டம் வேகத்தோடுதான் வளரும். இன்னொன்று, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. உங்கள் படகில் 500 கிலோ இன்ஜின் கடைக்கோடியில், அச்சிலிருந்து வெகு தூரத்தில். நீளமான கழியின் நுனியில் கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்கள், ஒருமுறை ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது பெரும்பாடு. அதோடு 30 செ.மீ. தள்ளியதில் படகின் பின்சுவர் தாங்குகட்டைகளைத் தாண்டி வெளியே நிற்கும். இன்ஜின் பாரம் அந்தரத்தில் தொங்க, ஒவ்வொரு குழியிலும் அடிப்பாகம் வளையும்.

கேள்வி: ஆடவே ஆரம்பித்துவிட்டால்?

பதில்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். சர்ஜ் பிரேக்கில் (பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக்) அந்த வசதி கிடையாது.

கேள்வி: சர்ஜ் பிரேக் வைத்த டிரெய்லர் ரிவர்ஸில் பிடித்துக்கொள்கிறது.

பதில்: ரிவர்ஸ் விளக்கோடு வேலை செய்யும் சொலனாய்டு (ரிவர்ஸில் பிரேக் பிடிக்காமல் தடுக்கும் மின்வால்வு) இருக்கும், அதன் ஒயரைப் பாருங்கள்.

கேள்வி: சக்கர பேரிங் ஒவ்வொரு வருடமும் போகிறது. மட்டமான கிரீஸா?

பதில்: கிரீஸை மட்டும் திட்டாதீர்கள். வழி நெடுக ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) நேராகக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சீல் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தமுறை திறந்து பாருங்கள், கிரீஸ் சுண்ணாம்புக் கரைசல்போல வெளுத்திருக்கும். இறங்குதுறையில் அரை மணி நேரம் காத்திருங்கள். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஹப்புகளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் அதோடு மேலே போகாதீர்கள்.

கேள்வி: 26 அடி, இரட்டை இன்ஜின், என் பிக்கப்...

பதில்: எடை மேடை! மேலே படியுங்கள்.

கேள்வி: (மறுபடி 28 அடி) போய்விட்டு வந்தேன். மொத்தம் 4,180 கிலோ. கொக்கியில் 190.

பதில்: பார்த்தீர்களா, என் கணக்குக்கே 230 கிலோ கூட வந்திருக்கிறது. கொக்கியில் நாலரை சதவீதம்தான், வேண்டியது 418. உங்கள் நீள டிரெய்லரில் படகை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் சுமார் 50 கிலோ கூடும். பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் 340. மீதிக்கு அச்சைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். யூ வடிவ போல்ட்டால் பூட்டிய அச்சு என்றால் பட்டறையில் செய்துவிடுவார்கள். ஸ்டிக்கர் 650 என்றால் ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து மிஞ்சுவது 232 கிலோ. வீட்டில் இரண்டு பேர் வேறு வண்டியில் வரட்டும். எல்லாம் முடித்து இன்னொரு முறை எடை போட்டுவிட்டு எழுதுங்கள்.