மியான்மரின் ஜனநாயகம் பத்தே ஆண்டில் கவிழ்ந்தது ஏன்?

2011இல் மியான்மரில் ராணுவ ஆட்சியிலிருந்து ஜனநாயகத்தை நோக்கித் தொடங்கிய மாற்றம் உண்மையானதா, உலகத்தின் கண்ணைக் கட்ட ராணுவம் ஆடிய நாடகமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டுகளில் உளுந்துக் கொள்முதலுக்காக யாங்கூன் போய்வந்தவன் நான். (பர்மா உளுந்து வரத்து நின்றால் நம் ஊர் இட்லிக் கடைகள் திண்டாடிப்போகும் என்பது பலருக்குத் தெரியாது.) வெறும் நாடகம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

தொடக்கத்தில் அங்கே வெளிநாட்டு வங்கி அட்டை எதுவும் செல்லாது. கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டில் ஒரு மடிப்போ பேனாக் கீறலோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நோட்டுகளைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போவோம். சிம் கார்டு நூற்றுக்கணக்கான டாலர். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் அதே சிம் 1,500 கியாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. பத்திரிகைகளுக்கான முன்தணிக்கை 2012 ஆகஸ்டில் நீங்கியது. அடுத்த ஏப்ரலில், சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, தனியார் நாளிதழ்கள் தேநீர்க் கடைகளுக்கு வந்தன. பெயர் சொல்லவே மக்கள் அஞ்சிய ஜனநாயகப் போராட்டத் தலைவி ஆங் சான் சூச்சியின் படம் போட்ட காலண்டர்களை நடைபாதையில் கூவி விற்றார்கள்.

ராணுவம் ஏன் இறங்கிவந்தது? மனம் மாறியெல்லாம் இல்லை. மேற்கத்திய நாடுகளின் பொருளாதாரத் தடைகளால் சீனாவை மட்டுமே நம்பியிருக்கும் நிலை வந்தது. அது தளபதிகளுக்கே பிடிக்கவில்லை. சீன முதலீட்டிலான மைட்சோன் அணைத் திட்டத்தை 2011 செப்டம்பரில் அதிபர் தெய்ன் செய்ன் நிறுத்திவைத்ததற்கு மக்கள் எதிர்ப்போடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பேன். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் வந்தார், மறு ஆண்டு அதிபர் ஒபாமா.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் சாவியைக் கொடுக்கவில்லை. நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த சில நாட்களிலேயே, 2008 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றிக்கொண்ட அரசமைப்புச் சட்டத்தைப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு வேண்டும்; ஆக, ராணுவம் இணங்காமல் அவற்றைத் தொட முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பவர் தலைமைத் தளபதி. இந்தோனேசியாவிலும் ராணுவத்துக்கு நாடாளுமன்ற இடங்கள் இருந்தன. அங்கே நெடுங்காலம் ஆண்ட ராணுவத் தளபதி சுகார்த்தோ விழுந்தபின் அவை 38 ஆகக் குறைந்து, 2004இல் அடியோடு போயின. மியான்மர் தளபதிகள் அப்படி ஒன்று நடக்கவே முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

2015இல் சூச்சியின் கட்சி அமோகமாக வென்றும், பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதால் அந்த அரசமைப்பின்படி அவர் அதிபராக முடியவில்லை. அதற்கு மாற்றாக அரசு ஆலோசகர் பதவியை உருவாக்க வழி கண்டவர் சட்ட வல்லுநர் கோ நீ. புதிய அரசமைப்பே வேண்டும் என்று வாதிட்டுவந்த அவரை, 2017 ஜனவரியில் யாங்கூன் விமான நிலைய வாசலில், பேரனைக் கையில் ஏந்தி நின்றபோது சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்காவோ அதற்கு முன்பே, 2016 அக்டோபரில், எஞ்சிய தடைகளில் பெரும்பாலானவற்றை விலக்கிவிட்டது. அரசமைப்பில் ராணுவத்தின் பிடி சற்றும் தளராமல் இருக்கும்போதே அப்படிச் செய்தது அவசரம் என்பது என் கருத்து. பேரம் பேச அதன்பின் கையில் என்ன இருந்தது?

அடுத்தது முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களின் விவகாரம். ராணுவத் தாக்குதலுக்கு அஞ்சி அவர்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் தப்பியோடிய பிறகும், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் தன் நாட்டின் தரப்பை சூச்சியே நேரில் போய் வாதாடினார். உலகத்தின் ஆதரவை இழந்தார். தளபதிகளின் நம்பிக்கையும் கிடைக்கவில்லை.

2020 மார்ச்சில் அவர் கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ராணுவத்தின் பங்கு அடுத்தடுத்த தேர்தல்களுக்குப் பின் 15, 10, 5 விழுக்காடு எனக் குறையட்டும் என்று. ராணுவ உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள். நவம்பர் தேர்தலில் அக்கட்சி 396 இடங்களைப் பிடித்தது, முந்தைய தேர்தலைவிட அதிகம். புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று, விடியுமுன்பே சூச்சியையும் அதிபரையும் கைது செய்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.