மருந்து தரும் வலி: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

என் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். மார்பகப் புற்றுநோய்க்காக ஈப்போவில் வாரந்தோறும் பாக்லிடாக்செல் மருந்து ஏற்றுகிறார்கள். இப்போது இரவெல்லாம் பாதம் எரிகிறது. பொத்தான் போட விரல் வருவதில்லை. நோய் காலுக்கு இறங்கிவிட்டதோ என்று பயப்படுகிறார். ஆனாலும் டாக்டர் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களாம். என்ன செய்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உறுதிசெய்ய வேண்டியவர் டாக்டர்தான் என்றாலும், நீங்கள் சொல்வது அந்த மருந்தினால் வரும் நரம்பு வலியோடு ஒத்துப்போகிறது. பாக்லிடாக்செல் உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடுவதால் புற்றணு பிளந்து பெருக முடிவதில்லை. பிளவுபடாத நரம்பணுவுக்கோ அதே நுண்குழல்கள்தாம் சத்துப் போய்ச் சேரும் பாதை. நீளமான நரம்பு முதலில் அடிபடும் என்பதால் இரு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கிக் கைவிரல்களுக்கு வருகிறது. ஆகவே இத்தகைய எரிச்சல் நோய் பரவியதற்கு அடையாளமன்று. மருந்து நன்றாக வேலை செய்வதற்கான சான்றுமன்று. முதுகில் புதிதாகக் கடும் வலி, கால் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை வந்தால் மட்டும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சலோடும் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்ற தலைமுறைக்கு, வேலைக்குப் போகாத நாளில் சம்பளம் இல்லை என்பதால், வலியை மறைப்பது பிழைப்பாகவே இருந்தது. இங்கே அது கெடுதல் செய்யும். இந்த நரம்புச் சேதத்தை டாக்டர் பெரும்பாலும் நோயாளி சொல்லித்தான் அறிகிறார். முற்றிவிட்டால் சிலருக்கு முழுமையாகச் சரியாவதுமில்லை. அளவைக் குறைப்பதும் இடைவெளி விடுவதும் வேறு மருந்துக்கு மாறுவதும் சிகிச்சையைக் கைவிடுவதாகா. பாரசிட்டமால் இவ்வகை வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. துலோக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு உதவுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்தாயிற்றே என்று வீட்டில் யாராவது கலங்கினால், இங்கே அது நரம்பு வலிக்காகத்தான் தரப்படுகிறது என்று விளக்கிச் சொல்லுங்கள்.

2008 முதல் நம் அரசு மருத்துவமனைகளில் நாடித்துடிப்பைப் போல வலியையும் ஓர் அளவாகக் குறிக்கும் முறை வந்திருக்கிறது. தாதி 0 முதல் 10 வரை எண் கேட்பார். உங்கள் அம்மா சுழியம் என்பார், அதை நம்பவேண்டாம். எரிச்சல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள், காலிலிருந்து சிலிப்பர் கழன்றது தெரிகிறதா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் பாதத்தை ஊறவைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன் டாக்டர் அறைக்குள் நீங்களும் கூடவே போங்கள்.