குளச்சல் வாடகை வீட்டுக்கு எந்த ஏர் ஃபிரையர்?

குளச்சலில் வாடகை வீடு, அடுப்பு மேடையில் இரண்டடி இடம்தான் மிச்சம், இரண்டு பேருக்குச் சாளையும் நெத்திலியும் எண்ணெய் குறைவாகப் பொரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஏர் ஃபிரையர் என்பது சூடான காற்றைச் சுழற்றிப் பொரிக்கும் பெட்டி, அதை லிட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மீன் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் மொறுமொறுப்பு வராது, அவிந்துதான் போகும், அதனால் கூடையின் அடிப்பரப்பு அகலமாகச் சதுரமாக இருக்கிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். 3 முதல் 4 லிட்டர் உங்களுக்குப் போதும்.

அப்புறம் பிளக் பாயின்ட். இதை யாரும் சொல்வதில்லை. சின்ன 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும், 1500 வாட் பெட்டியை அடாப்டர் வைத்து அதில் சொருகவே கூடாது, வீட்டுக்காரரிடம் பேசித் தனி வயரோடு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் சூடான காற்று வரும், சுவரைவிட்டு அரை அடி தள்ளி வையுங்கள்.

கூடையைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், பூச்சு உரிந்துவிட்டால் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும். ஏத்தங்காய் சிப்ஸுக்காகவும் என்றால் வாங்க வேண்டாம். தேங்காய் எண்ணெயில் பொரித்த அந்த ருசி இதில் வரவே வராது.