முதல் வாடகை வீடு: முழுப் பணமா, கடனா?

கேள்வி: வயது 46. தனியார் வேலை, சொந்த வீடு உண்டு. ஊர் நிலத்தை விற்று, வரி போக 65 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. தாம்பரம் பக்கம் 60 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் ஒன்று வருகிறது; வாடகை 18,000 கிடைக்குமாம். முழுப் பணமும் கொடுத்து வாங்கிவிடலாமா? கடன் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார்கள் அலுவலகத்தில்.

பதில்: முழுப் பணம் உங்களிடம் இல்லை. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இதுவே 5,40,000 ஆகிறது. தரகும் வழக்கறிஞர் கட்டணமும் தனி.

அதற்காக 40 லட்சம் கடன் வாங்கிவிடாதீர்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 34,700 வரும். வாடகை அதில் பாதியைத்தான் தாங்கும். வரிச் சலுகையும் நினைப்பதுபோல் இல்லை. முதல் ஆண்டு வட்டி 3.3 லட்சத்தைத் தாண்டும்; அதைக் கழிக்க, ஆண்டு வாடகையில் வரிச்சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக மிஞ்சுவதோ ஒன்றரை லட்சம்தான். மீதி வட்டியைச் சம்பளத்தில் கழிக்கப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை இடமுண்டு. புதிய வரிமுறையில் அறவே கிடையாது. உங்கள் நண்பர்கள் எந்த முறையில் இருந்துகொண்டு பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்!

நான் சொல்வது 15 லட்சம் கடன், 15 ஆண்டு. அதே வட்டியில் தவணை 14,800க்குள் அடங்கும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலும், மற்ற 11 மாத வாடகை தவணையைக் கட்டிச் சொத்துவரிக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். வரிக் கணக்கில் வட்டி முழுவதும் வாடகைக்குள்ளேயே கழிந்துவிடும். கையில் ஏறக்குறைய 14 லட்சம் நிற்கும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபருக்கு அபராதம் இல்லை. வேலை நிலையாக இருந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம்.

இன்னொரு லாபம், வங்கி வழக்கறிஞரின் பார்வை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாவற்றையும் கேட்பார். பழைய ஃபிளாட்டுகளில் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு, பத்திரத்துக்குப் பத்திரம் மாறுவதுண்டு. எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மனையைவிட அதிகமாக வரும். அதைக் கண்டு வங்கி பின்வாங்கினால் நீங்களும் பின்வாங்குங்கள். அதற்காக அவரை மட்டுமே நம்பிவிட வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் நலனை. உங்களுக்கென ஒருவரையும் அமர்த்துங்கள்.

விற்பவர் ஒரு பகுதியை நோட்டாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறும் விற்பவருக்கு அதே தொகை அபராதம். பத்திரத்தில் விலை குறைந்தால், பின்னாளில் விற்கும்போது உங்கள் மூலதன ஆதாய வரியும் கூடும். விலை 50 லட்சத்தை எட்டிவிட்டதால், 1 சதவீதமான 60,000 ரூபாயை விற்பவருக்குத் தராமல் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டியதும் நீங்கள்தான்.