மைதா மூட்டையை அடுக்கலாமா? கடலூர் பேக்கரிக்காரரின் கேள்வி

கேள்வி: கடலூரில் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறேன். 2024 ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடைக்குள் இடுப்பளவு நின்றது. மைதா, சர்க்கரை, மிக்ஸர் மோட்டார், ஓவன் பர்னர் என்று 3.4 லட்சம் ரூபாய் போனது. 8 நாள் கடையும் இல்லை. மனைவியின் நகையை 1.5 லட்சத்துக்கு வைத்துத்தான் திரும்பத் திறந்தேன். இன்னும் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது டீசல் ஏறும் என்கிறார்கள். ஓவனுக்கும் வேனுக்கும் தினம் 30 லிட்டர் ஆகிறது. தின விற்பனை சுமார் 25,000, அதில் கையில் நிற்பது 2,500. வங்கியில் 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. அதை உடைத்து, விலை ஏறும் முன் மைதாவும் வனஸ்பதியும் வாங்கி அடுக்கிவிடலாமா? எண்ணெய்க் கம்பெனி ஷேர் வாங்கினால் டீசல் நஷ்டம் சரியாகிவிடும் என்கிறார் மைத்துனர். உண்மையா?

பதில்: அடுக்க வேண்டாம். எண்ணெய் விலையை நினைத்துப் பயந்தால் சரக்கைக் குவிக்கத் தோன்றும். புயலை நினைத்தால் குறைக்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் ஆற்றுத் தண்ணீர் ஏறிய இடத்தில் கடை வைத்திருப்பவர் இரண்டாவது பயத்துக்குத்தான் செவிசாய்க்க வேண்டும். அந்த வெள்ளத்தின்போது தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். நீங்கள் 4 லட்சத்துக்கு அடுக்கி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். மைதாவில் 5 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் மூட்டையையே இழக்கக் கூடாது. புரட்டாசி முடிந்தால் ஒரு வாரச் சரக்குக்கு மேல் தரையில் இருக்க வேண்டாம்.

இப்போது டீசல். 2022-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உக்ரைன் போர் தொடங்கி மார்ச்சில் கச்சா எண்ணெய் பேரல் 130 டாலரைத் தாண்டியது. ஆனால் இங்கே பெட்ரோல் பங்கில் 137 நாள் விலை அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல் நேரம். மார்ச் 22-இல் ஏற ஆரம்பித்து ஏப்ரல் 6-க்குள் 14 முறை, லிட்டருக்கு மொத்தம் 10 ரூபாய் ஏறிவிட்டது. ஆகவே 10 ரூபாய் ஏற்றம் என்று வைத்தே கணக்குப் போடுவோம். 30 லிட்டருக்குத் தினம் 300 ரூபாய், மாதம் 9,000. விற்பனையில் இது 1.2 சதவீதம்தான். ஆனால் உங்கள் லாபத்தில் 12 சதவீதம். டீசல் தனியாகவும் வராது. வனஸ்பதிக்குள் இருப்பது பெரும்பாலும் பாமாயில். இந்தோனேசியா அதை டீசலில் கலக்கிறது, 2025 முதல் 40 சதவீதம். அதனால் கச்சா எண்ணெய் ஏறினால் பாமாயிலும் கூடவே ஏறப் பார்க்கும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்த நாடு பாமாயில் ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்தியபோது பேக்கரிக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரிந்திருக்கும். ரொட்டி சுற்றும் பிளாஸ்டிக் கவரும் அதே எண்ணெயிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சுமையைச் சேமிப்பிலிருந்து தாங்காதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: தினம் கசிகிற டீசல் நஷ்டத்தை எஃப்.டி. போட்டு அடைக்கிறார்கள், கடைசியில் புயல் வரும்போது கையில் எதுவும் இருப்பதில்லை. டீசல் ஏற்றம் விற்பனை விலையில் போய்ச் சேர வேண்டும். 10 ரூபாய் பன்னை 10.25-க்கு விற்க முடியாது, சரி. அதைத் தொடாதீர்கள், டீக்கடைக்காரர் வேறு பேக்கரிக்குப் போய்விடுவார். கிலோ கணக்கில் போகும் பிஸ்கட், மிக்ஸர், ஆர்டர் கேக் இவற்றில் ஏற்றுங்கள். 400 ரூபாய் கேக்குக்கு 20 ரூபாய் கூடினால் பிறந்தநாள் வீட்டில் யாரும் சண்டை போட மாட்டார்கள். உங்கள் விற்பனையில் கால் பங்கு அப்படிப்பட்ட சரக்கு என்று வைத்தாலே, 5 சதவீத ஏற்றத்தில் 300 ரூபாய் வந்துவிடும். இன்னொன்று, ஓவனைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று சூடேற்றுகிறீர்களா? ஒரே மூச்சில் முடிக்க முடியுமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். சூடேற்றத்தான் அதிக டீசல் குடிக்கும்.

எஃப்.டி.க்கு வருவோம். அதில் 1.5 லட்சம் எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். அடகுக்கு நீங்கள் கட்டும் வட்டி எஃப்.டி. தருவதைவிடக் கண்டிப்பாக அதிகம். அதோடு, பீரோவில் இருக்கும் நகை புயலுக்கு மறுநாள் அரை மணி நேரத்தில் பணமாகும். அடகில் கிடக்கும் நகை ஆகாது. மீதி 2.5 லட்சத்தைத் தொட வேண்டாம். அவசரம் வந்தாலும் உடைக்காமல் அதன் மேலேயே ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து எடுக்கும் கடன். வழக்கமாக எஃப்.டி. வட்டிக்கு மேல் ஓரிரு சதவீதம்தான் போடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் காப்பீடு என்ற சொல்லே இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தருகின்றன. தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். தொழில் கடன் இருந்தால் வங்கியே ஏதோ ஒரு பாலிசி போட்டிருக்கலாம், போய்ப் பாருங்கள். கடை முகவரி சரியா, சரக்கு எவ்வளவுக்கு என்று படியுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்காக டிசம்பரில் உங்களிடம் 6 லட்சம் பெறும் சரக்கு இருக்கும்போது பாலிசியில் 3 லட்சம் என்றிருந்தால், நஷ்டத்தில் பாதிதான் கிடைக்கும். பாலிசித் தொகை சரக்கு மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால்தான் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். எச்சரிக்கை வந்த பிறகு புதிய பாலிசி தரத் தயங்குவார்கள், ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள். கடை மூடிய 8 நாள் வருமானம் இதில் வராது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரர், 2015 வெள்ளத்தில் ஊறிய அரிசி மூட்டைகளை நாற்றம் தாங்காமல், நஷ்டத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும் முன்னே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். அப்புறம் எத்தனை மூட்டை என்று நிரூபிக்க அவர் படாத பாடு பட்டார். நனைந்ததை வீடியோ எடுங்கள், கொள்முதல் பில்லை போனில் ஏற்றி வையுங்கள். தண்ணீரில் நின்ற வேனை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அதனால் எஞ்சின் போனால் கிளெய்ம் தகராறாகும்.

மைத்துனர் எந்தக் கம்பெனியைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பங்க் நடத்தும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 18,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டின. கச்சா ஏறியது, பங்க் விலையை ஏற்ற முடியவில்லை. எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசிக்கு லாபம் வந்தது, ஆனால் அந்த ஜூலையிலேயே அரசு கூடுதல் வரி போட்டுவிட்டது. ஆகவே ஷேர் உங்கள் டீசல் நஷ்டத்தைச் சரிக்கட்டும் என்று நம்ப முடியாது. ஷேருக்கு என்று நினைத்த பணத்தில் மாவு மூட்டைக்கு நாலடி உயர இரும்பு ஸ்டாண்ட் அடியுங்கள். ஓவன் பேனல் போர்டையும் எலக்ட்ரீஷியனை வைத்து இடுப்புக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள்.